காயா, பழமா?

பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் நாம் முதலில் என்ன கேட்போம்? "சாப்பிட்டியா? பாடம் எழுதினியா? பென்சில் எங்கே?" அவ்வளவுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பென்சில் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் தினமும் ஒரே பதில் வந்தது. "குடுத்துட்டேம்மா."

இது 2023 ஜூலை மாதத்துச் சமாசாரம். என் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயது ஐந்தரை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெரியவள் பிறந்தாள். இனி இல்லை என்று இருந்தபோது நாலு வருஷம் கழித்து இவன். வீட்டில் எல்லோருக்கும் செல்லம். பெரியவள் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

"யாருக்குடா குடுத்தே?"

"ஆட்டத்துல சேத்துக்கிறேன்னு சொன்னாங்க. குடுத்தேன்."

"சேத்துக்கிட்டாங்களா?"

"நாளைக்குச் சேத்துக்கிறாங்களாம்."

அந்த நாளை வரவே இல்லை. பென்சில் போயிற்று, ரப்பர் போயிற்று, அவன் அப்பத்தா ஆசையாக வாங்கிக் கொடுத்த கலர்ப் பெட்டியும் போயிற்று. பொறுக்க முடியாமல் ஒரு நாள் டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் நல்லவர். என்னை உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னார். "உங்க பையனைப் பெரிய பசங்க தினமும் 'ஹெட்மாஸ்டர் உன்னைக் கூப்பிடுறாரு'ன்னு அனுப்பிடுறாங்கம்மா. இவன் ஒவ்வொரு தடவையும் நம்பிப் போய் வாசல்ல நிக்கிறான். திரும்பி வந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் கண்டிச்சிட்டேன். நான் இல்லாத நேரத்துல நடக்குது."

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கேட்டேன். "அவங்க சிரிச்சப்ப நீ என்னடா பண்ணினே?"

"நானும் சிரிச்சேம்மா. எல்லாருக்கும் என்னையப் பாத்தா சந்தோஷமா இருக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வாரக் கடைசியில் என் நாத்தனார் மகள் தேவகோட்டையிலிருந்து வந்திருந்தாள். பி.எட். படிக்கிறவள். நான் பத்தாவதோடு நின்றவள். மனோதத்துவம் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளிடம் அழுதேன். "அழாதீங்க அத்தை. ஒரு விளையாட்டு விளையாடிப் பாப்போம்" என்று சமையல்கட்டுக்குப் போய், குண்டு மிளகாய் போட்டுவைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள்.

"இதுக்குள்ள என்னடா இருக்கு?"

"பிஸ்கட்!"

திறந்து காட்டினாள். மிளகாய். மூடிவிட்டு, "இப்ப அப்பா வர்றாரு. இந்த டப்பாவைத் திறந்து பாக்கல. உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பாரு?" என்றாள்.

கொஞ்சம் யோசித்து, "பிஸ்கட்டுன்னுதான் நினைப்பாரு" என்றான். பாஸ்!

இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டால் பெரும்பாலும் "மிளகாய்" என்றுதான் சொல்லும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த வயதின் நினைப்பு. கண்ணாமூச்சியில் தன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு ஒளிந்துவிட்டதாக நினைக்குமே, அதே கதைதான். ஆஸ்திரியா நாட்டில் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் இதை ஒரு சமையலறைக் கதையாகவே சொல்லிச் சோதித்தார்களாம். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதில் கொஞ்சம் எடுத்து கேக்குக்குப் போட்டுவிட்டு, மீதியை வேறு அலமாரியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? மூன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நாலிலிருந்து ஆறு வயதில் பாதிக்கு மேல் சொன்னார்கள். ஆறிலிருந்து ஒன்பதில் நூற்றுக்கு 86 பேர் சொன்னார்கள். பிற்பாடு கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளிடம் இதுபோல ஒரு சோதனை செய்து 2005-ல் வெளியிட்டார்கள். எங்கும் ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் இந்த அறிவு வந்துவிடுகிறது.

அப்படியானால் என் மகன் ஏன் ஏமாறுகிறான்?

நாத்தனார் மகள் அடுத்த புதிர் போட்டாள். "அக்கா தட்டுல முறுக்கை வச்சிட்டு வெளியே போறா. நான் அதை எடுத்து டப்பாவுல போட்டுட்டேன். ஆனா அக்கா அதை ஜன்னல் வழியாப் பாத்துட்டா. அவ பாத்தது எனக்குத் தெரியாது. இப்ப அக்கா எங்கே தேடுவான்னு நான் நினைப்பேன்?"

"டப்பாவுல!" என்றான் இவன் பட்டென்று.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த என் மகள் தலை நிமிராமலே சிரித்தாள். "தப்பு. தட்டுலன்னுதான் அத்தாச்சி நினைப்பாங்க. நான் பாத்ததுதான் அவங்களுக்குத் தெரியாதே. அவங்க ஏமாந்தது எனக்குத் தெரியும், நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு புத்தி பாருங்கள் என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பெருமை எத்தனை நாள் நிற்கும் என்று அப்போது தெரியாது.

நாத்தனார் மகள் விளக்கினாள். "ஒருத்தர் என்ன நினைக்கிறார்னு தெரிஞ்சுக்கறது முதல் படி. 'இன்னொருத்தர் என்ன நினைக்கிறார்னு இவர் நினைக்கிறார்' என்பது ரெண்டாவது படி. அது ஆறு, ஏழு வயசுலதான் மெதுவா வரும். பொய், கேலி, பாசாங்கு எல்லாம் அந்தப் படியிலதான் இருக்கு, அத்தை. உங்க பிள்ளை மக்கு இல்லை. அந்தப் படிக்கு இன்னும் வரல. ஏறி நிக்கிற பசங்க கீழே இருக்கிறவனைப் பிடிச்சுக்கிட்டாங்க."

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995-ல் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைப் பல வருஷம் கவனித்து வந்தார்கள். ஐந்து வயதில் இந்த மாதிரிப் புதிர்களில் பின்தங்கிய பிள்ளைகள், பன்னிரண்டு வயதில் பிறரிடம் சீண்டப்படுகிறவர்களாகவோ, சீண்டப்பட்டு அதையே பிறருக்கும் செய்கிறவர்களாகவோ ஆகும் வாய்ப்பு சற்று அதிகம் என்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. சற்று அதிகம், அவ்வளவுதான். தலையெழுத்து அல்ல. அதற்காக எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். ஆனால் "சின்னப் பிள்ளைங்க சண்டை, தானாச் சரியாயிரும்" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

சரி, மகன் விஷயம் புரிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தொண்டிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்த குடும்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவர் கருவாடு வியாபாரம். இவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க பொண்ணு மேல பிராது சொல்ல வரல. எம்பொண்ணு ஒரு வாரமா பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. தெனமும் ரெண்டு மூணு தடவ குளிக்குது. தேச்சுத் தேச்சுக் கையெல்லாம் செவந்து கெடக்கு. கேட்டா, 'எம்மேல வாடை அடிக்குதாம்மா?'ங்குது. ஒங்க பொண்ணு சொன்னா மத்த பிள்ளைங்க கேக்கும். அதான் வந்தேன்."

விசாரித்தபோது தெரிந்தது. அந்தப் பெண் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடிப்பது என்று ஒரு விளையாட்டு. சத்துணவுக்கு உட்காரும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார வேண்டும். யாராவது பேசினால் அவர்களுக்கும் காய். வகுப்பு முழுக்க அவளைக் காய் விட்டிருந்தது. ஆரம்பித்துவைத்தவள் என் மகள்.

"நான் அவளை அடிக்கலியேம்மா. ஒரு தடவை மூக்கைப் பிடிச்சேன். அப்புறம் எல்லாரும் அவங்களாத்தான் செஞ்சாங்க."

"அவளுக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியலியா?"

"தெரியும்."

இந்த ஒரு வார்த்தையில் நான் ஆடிப்போனேன். தெரியாமல் செய்யவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்டிருக்கிறாள். யாரைச் சிரிக்கவைத்தால் யார் பின்னால் வருவார்கள் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டு, டப்பா, முறுக்கு என்று நான் மெச்சிய அதே புத்தி.

நாத்தனார் மகளுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. சீண்டுகிற பிள்ளைகள் எல்லாம் முரடர்கள், பிறர் மனசு புரியாதவர்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1999-ல் இங்கிலாந்தில் ஏழிலிருந்து பத்து வயதுள்ள 193 பிள்ளைகளிடம் சோதித்தபோது வேறு விதமாக இருந்தது. கூட்டத்துக்குத் தலைவனாக நின்று சீண்டுகிறவர்கள்தான் அடுத்தவர் மனசைப் படிப்பதில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். பின்னால் நின்று சிரிக்கிறவர்களைவிடவும், சீண்டப்படுகிறவர்களைவிடவும், தடுக்க வருகிறவர்களைவிடவும் அதிகம்.

சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். என் ஒரே வீட்டில் அடுத்தவர் மனசைப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை அழுகிறது. நன்றாகப் படிக்கத் தெரிந்த இன்னொரு பிள்ளை ஊரான் பிள்ளையை அழவைக்கிறது. மனசை அறிவது கத்தி மாதிரி. காய் நறுக்கவும் ஆகும், கையை அறுக்கவும் ஆகும். அந்தக் கத்தியை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது யார்?

அதற்கும் பதில் அன்றைக்கே கிடைத்தது. கை ஓங்கினேன். மகள் அழுதுகொண்டே சொன்னாள். "நீயுந்தானேம்மா மீன்காரம்மா வந்தா முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு, 'கூடையை அங்கேயே வையி, நடைக்கு வராதே'ன்னு சொல்லுவே?"

ஓங்கிய கை இறங்கிவிட்டது. மீன் வேண்டும், மீன் கொண்டுவருகிறவள் மட்டும் நடைக்கு வரக் கூடாது. என் வாயில் வந்ததை என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் பெயர் சிநேகவல்லி. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறேன். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அன்று ராத்திரிதான் நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த சில நாளில் டெலிவிஷனில் அந்தச் செய்தி வந்தது. ஆகஸ்ட் 9-ந் தேதி ராத்திரி, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, அவன் பட்டியல் சாதிப் பிள்ளை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிவிட்டார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிக்கூடத்தில் அவர்கள் செய்த கொடுமை தாங்காமல் அவன் படிக்கப் போகாமல் நின்றிருந்தானாம். ஆசிரியர்களிடம் சொன்னபின் நடந்தது இது. அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர்க் கயிறு கையில் கட்டக் கூடாது என்பது அவர் சொன்ன யோசனைகளில் ஒன்று.

மூக்கைப் பிடிப்பதும் அரிவாளைப் பிடிப்பதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் பதினேழு வயதில் கையில் கட்டும் கயிறு ஐந்து வயதிலேயே வீட்டில் திரிக்கப்படுகிறது. "அவங்களோட சேராதே", "அவங்க வீட்ல தண்ணி குடிக்காதே" என்று நாம்தான் திரித்துக் கொடுக்கிறோம். அன்றைக்கு டெலிவிஷனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தேன். "பழம்" என்று என் மகள் விரலை நீட்டினாள். அந்தப் பெண் விரலை நீட்டவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் மகள் அழுதாள். "தம்பிகிட்டயும் இப்படித்தான் நாளைக்குன்னு சொல்லுவாங்களாம்மா?" என்றாள். அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அவளுக்கு அறிவில் தெரிந்தது, மனசில் படவில்லை.

வாயால் மன்னிப்புக் கேட்டதோடு விடவில்லை. யார் யாரிடம் காய் விடச் சொன்னாளோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் "நான் சொன்னது தப்பு" என்று அவளே போய்ச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு வரிசையில் அந்தப் பெண் பக்கத்தில் அவளே உட்கார வேண்டும். டீச்சரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், "இன்னைக்கு அவளே எங்கிட்ட ரப்பர் கேட்டாம்மா" என்று ஓடிவந்தாள். பழம் விட்டதாக யாரும் சொல்லவில்லை. ரப்பர் கேட்டதே போதும்.

தம்பிக்கு வாத்தியார் யார் தெரியுமா? அவளேதான். "ஹெட்மாஸ்டர் கூப்பிடுறாருன்னு எவனாவது சொன்னா உடனே ஓடாதே. பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியைப் பாரு. சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தான்னா பொய்யி." எந்த ஆராய்ச்சிப் புத்தகத்தில் இருக்கிறது இது! "பென்சில் கேட்டா, 'முதல்ல ஆட்டத்துல சேரு, அப்புறம் தாறேன்'னு சொல்லு. ரெண்டு தடவைக்கு மேல போனா டீச்சர்கிட்ட சொல்லு. சொன்னா கோள் இல்ல" என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை, பிள்ளை வளர்க்கும் தங்கைமார்களுக்காகச் சொல்கிறேன்.

கதை சொல்லும்போது நடுவில் நிறுத்திக் கேளுங்கள். பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். "காக்காயைப் பாடச் சொன்னப்ப நரி மனசுல என்ன இருந்துச்சு? காக்கா என்ன நினைச்சுச்சு? வடை போன பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்?" முதல் இரண்டு கேள்வி சூதுவாது தெரியாத பிள்ளைக்கு. மூன்றாவது கேள்வி சூட்டிகையான பிள்ளைக்கு. எனக்கு இரண்டு பேரும் இருப்பதால் மூன்றையும் கேட்கிறேன். ஜூடி டன் என்ற அம்மையாரும் கூட இருந்தவர்களும் 50 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைக் கவனித்து 1991-ல் எழுதினார்கள். மூன்று வயது நிரம்பும் முன்பே வீட்டில் கோபம், வருத்தம், ஏன் அழுகிறான் என்றெல்லாம் பேச்சு நடந்த குழந்தைகள், சில மாதம் கழித்து அடுத்தவர் மனசை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இதற்குக் காசு செலவில்லை. தலை வாரிவிடும்போதே பேசலாம்.

காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி, அடிக்கடி சாமான் தொலைவது, திடீரென்று பள்ளிக்கூடம் போக மறுப்பது, அந்தப் பெண்ணைப் போல ஓயாமல் குளிப்பது — இவற்றை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அடித்துக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

ஐந்து வயதில் ஏமாளியாக இருப்பது வியாதி இல்லை. ஆனால் பேச்சு வெகுவாகப் பிந்துகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்ப்பதில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

வேடிக்கை பார்க்கிற பிள்ளையையும் மறக்காதீர்கள். பின்லாந்து நாட்டில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் 'கிவா' என்று ஒரு முறையைப் பள்ளிக்கூடங்களுக்காக உருவாக்கியிருக்கிறார்கள். சுற்றி நின்று சிரிக்கிறவர்களை மாற்றுவதுதான் அதன் முக்கியமான வேலை. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் சீண்டுவதில் என்ன ருசி? "நீ அடிக்கலேன்னா போதும்" என்று சொல்லாமல், "அவன் பக்கத்துல போய் நின்னியா?" என்று கேட்போம்.

விஷயம் கைமீறினால் 1098 என்ற நம்பர் இருக்கிறது. குழந்தைகளின் உதவிக்கென்றே உள்ளது. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை. பிள்ளைகளுக்கும் இந்த நம்பரைப் பாடமாக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் யாரை எங்கே நிறுத்திப் பேசுகிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டு மீன்காரம்மா இப்போது திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார். முதல் நாள் உட்காரச் சொன்னபோது, "என்னத்தா, ஒடம்புக்கு முடியலியா?" என்று என்னைக் கேட்டார்! எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வியே வேறு. "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்தே? யார் தனியா உக்காந்திருந்தா?" பென்சில் இப்போதும் தொலைகிறது. ஆனால் இப்போது நிஜமாகவே தொலைகிறது.